கோட்டுக் கெளுத்தியின் பெயரெல்லை: பிரான்சிஸ் டேயின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

சென்னைப் பகுதி ஏரிகளில் பிடிபடும், உடலின் பக்கங்களில் நெடுங்கோடுகள் ஓடும் சிறு கெளுத்தியை மிஸ்டஸ் விட்டாட்டஸ் என்று எழுதிவிடுவது ஆய்வேடுகளில் வழக்கம். கள்ளிக்குப்பத்தை ஒட்டிய புழல் ஏரியில் வலைக்கு வந்தாலும் அந்தப் பெயர்தான். வடஇந்தியச் சமவெளியில் வந்தாலும் அந்தப் பெயர்தான். இவ்வளவு அகன்ற எல்லையை இப்பெயருக்கு நிலைநிறுத்தியவர் பிரான்சிஸ் டே. அந்த எல்லைக்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சென்னை ராணுவ மருத்துவராக இருந்து மீன்வளத் தலைமை ஆய்வாளரான டே, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில் இம்மீனை மாக்ரோனெஸ் பேரினத்தில் வைத்தார். அப்பேரினப் பெயர் 1841இலேயே ஒரு வண்டுக்கு வழங்கப்பட்டிருந்ததால் பின்னர் கைவிடப்பட்டது. சிக்கல் அதிலில்லை. இந்தியாவின் நன்னீர்கள் எங்கும் பரவியதாக அவர் காட்டிய ஓரினம் உண்மையில் ஓரினம்தானா என்பதில்தான் சிக்கல். அந்தப் பரப்பை ஏற்க வேண்டுமானால், கோடுகளின் எண்ணிக்கையிலும் அடர்விலும் காணும் வேறுபாடுகள் ஓரினத்துக்குள் அடங்குபவை என்று முதலில் ஏற்க வேண்டும். அவ்வாறு ஏற்பதற்கோ, பரந்து வாழும் ஓரினம் வேறுபடத்தான் செய்யும் என்பதே காரணமாகிறது. பரப்பு வேறுபாட்டை விளக்குகிறது. வேறுபாடு பரப்புக்கு இடம் கொடுக்கிறது. வெளிச் சான்று எங்கும் நுழையவில்லை.

டே கவனமற்றவர் அல்லர். டெங்காரா என்ற கெளுத்தியை இதிலிருந்து வேறான இனமாகவே வைத்தவர். மீன்களைத் தாமே பார்த்து வரைந்தவர். ஆனால் கோடு என்பது உயிருள்ள மீனில் ஒருவிதம், சாராயத்தில் ஊறிய மீனில் வேறுவிதம். எலும்பை நம்புவதே மேல். 1994இல் டைசன் ராபர்ட்ஸ் மிஸ்டஸ் பேரினத்தைக் குறுக்கி வரையறுத்தபோது, பிடரி எலும்பு முனையின் அடிவரை நீளும் உச்சிக்குழி, மிக நீண்ட கொழுப்புத் துடுப்பு, 37 முதல் 46 வரையான முதுகெலும்புக் கண்ணிகள் போன்றவற்றையே முன்வைத்தார். பேரின அளவில் செய்யப்பட்ட இந்தப் பணி, விட்டாட்டஸ் என்ற பெயருக்குள் குவிந்துள்ள மீன்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்யப்பட வேண்டும்.

அதற்குத் தொடக்கப்புள்ளி தரங்கம்பாடி. பெர்லின் மருத்துவர் மார்க்குஸ் பிளாக் 1794இல் சைலூரஸ் விட்டாட்டஸ் என்று விவரித்த மீனின் மூல இடம், அதாவது பெயருக்கு அடிப்படையான மீன் கிடைத்ததாகக் குறிக்கப்பட்ட இடம், அதுவே. பிளாக் இந்தியாவுக்கு வந்ததில்லை. தரங்கம்பாடியிலிருந்து அவருக்கு மீன்களை அனுப்பிவந்தவர் மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். அங்கே அவர் 1771 முதல் இருந்ததால், இந்த மீன் அவ்வழியே போயிருந்தால் 1771க்கும் 1794க்கும் இடையில் என்பதற்கு மேல் காலத்தை நெருக்க இயலாது.

இங்கே ஓர் ஐயம் நியாயமானது. தரங்கம்பாடி மீன் பிடிபட்ட இடமா, கப்பலேறிய இடமா? பிளாக்கின் இடக்குறிப்புகளை அப்படியே நம்ப முடியாது. 1793இல் வரி விராலுக்கு அவர் மலபார் என்று எழுதினார், ஆனால் அதுவும் தரங்கம்பாடி மீனாகவே இருக்கக்கூடும் என்று இன்று கருதப்படுகிறது. இருந்தும், இந்தக் கெளுத்தியைப் பொறுத்தவரை அந்த இடக்குறிப்பை நம்பலாம் என்பதே என் வாதம். இதை விவரித்த அதே 1794இல் தரங்கம்பாடியை மூல இடமாகக் கொண்டு பிளாக் விவரித்த மற்றொரு மீன் தேளி. இரண்டும் வயல், வாய்க்கால், குளம் எங்கும் கிடைக்கும் எளிய மீன்கள். அவற்றைத் தொலைவிலிருந்து தருவிக்க ஜானுக்குத் தேவையிருந்திருக்காது. இது நேரடிச் சான்றன்று, ஊகமே. ஆனால் எதிர்த்தரப்பில் அந்த அளவுகூட இல்லை. ஆகவே விட்டாட்டஸ் என்ற பெயர் முதலில் காவிரிக் கழிமுக மீனுக்குரியது. பிற ஆற்றுப்படுகை மீன்கள் அதற்குரிமை பெறத் தத்தம் சான்றைக் காட்டியாக வேண்டும்.

அப்படிக் காட்டத் தவறிய மீன்கள் உண்டு. விட்டாட்டஸின் இணைப்பெயராக நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த ஹாமில்டன் விவரித்த கார்சியோ என்ற மீன், 2010இல் தனி இனமாக மீட்கப்பட்டது. இலங்கையில் விட்டாட்டஸ் எனப்பட்டது 2016இல் மிஸ்டஸ் நானஸ் ஆயிற்று. புதுச்சேரியை மூல இடமாகக் கொண்ட மற்றொரு மிஸ்டஸ் இனமான கெலெட்டியஸுக்கும் இதே கதைதான். அதை விவரித்த வாலன்சியன் நூலின் முகப்பில் 1839 என்றிருந்தாலும், வெளியான ஆண்டாக இன்று கொள்ளப்படுவது 1840. அப்பெயரில் இலங்கையில் வழங்கிய மீன் 2013இல் மிஸ்டஸ் ஜெய்லானிகஸ் என்று பிரிக்கப்பட்டது.

இதைக்கொண்டு கள்ளிக்குப்பத்து மீன் புதிய இனம் என்று சொல்லிவிட முடியாது. புழலுக்குத் தண்ணீர் கொசஸ்தலையாற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. 1996 முதல் கண்டலேறு நீர்த்தேக்கம் வழியாகக் கிருஷ்ணா நீர் பூண்டி ஏரிக்கு வந்து, அங்கிருந்து சோழவரம், புழல் ஏரிகளைச் சேர்கிறது. திறந்த கால்வாயில் மீன்குஞ்சு வருவதைத் தடுப்பது கடினம். வளர்ப்புக் கெண்டைக் குஞ்சுகளோடு வேற்றுக் குஞ்சுகள் கலந்து வருவதும் நடக்கக்கூடியதே. இன்று இந்த ஏரியில் பிடிக்கும் மீனை எந்த ஆற்றுப்படுகையின் சாட்சியாகக் கொள்வது?

இதனால்தான் டேயை மறுப்பவருக்கும் டேயின் மீன்கள் தேவைப்படுகின்றன. அவர் சேகரிப்பில் ஒரு பகுதி லண்டனிலும், மற்றொரு பகுதி 1880களில் விற்கப்பட்டு சிட்னியின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திலும் உள்ளது. அவற்றில் சென்னை என்று குறிக்கப்பட்ட கோட்டுக் கெளுத்திகள் இருக்குமானால், அவை இந்த நீர்க்கலப்புக்கு நூறாண்டுக்கும் முந்தியவை. அவற்றைத் தரங்கம்பாடிப் பகுதியில் புதிதாகப் பிடித்த மீன்களோடு எலும்புக்கு எலும்பு ஒப்பிடும்வரை, சென்னை ஏரி மீனை விட்டாட்டஸ் என்று எழுதுவோர் அப்பெயருக்கு முன் ஒரு கேள்விக்குறி இடுவதே முறை.