ஹரிபுராவின் சுவர்களில் உழைக்கும் மக்கள்

ஓவியம் நெடுங்காலமாக அரண்மனைக்கும் ஆலயத்திற்கும் செல்வர் மாளிகைக்கும் உரிய பொருளாகவே இருந்து வந்தது. அதனைப் பொதுச் சுவருக்குக் கொண்டு வந்து மக்கள்முன் நிறுத்தும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் எழுந்தது. மெக்சிகோவில் தியேகோ ரிவேராவிடம் பணி பயின்ற ருஷ்யரான விக்டர் அர்னாத்தோவ், 1936இல் சான் பிரான்சிஸ்கோவின் உயர்நிலைப் பள்ளியொன்றிலே ஜோர்ஜ் வாஷிங்டனின் வாழ்க்கையைத் தீட்டினார். அத்தலைவரின் புகழோடு அவரது தோட்டத்து அடிமைகளையும், கொல்லப்பட்டுக் கிடக்கும் செவ்விந்தியர் ஒருவரையும் அவர் வரைந்தார். பாடநூல் மறைத்ததைப் பள்ளிச் சுவர் கூறிற்று.

ஈராண்டுகளின் பின், 1938 பெப்ரவரியில், குஜராத்தின் ஹரிபுராக் கிராமத்தில் இந்தியக் காங்கிரஸ் கூடியது. தலைமை தாங்கியவர் சுபாஷ் சந்திர போஸ். மாநாட்டுத் திடலை அணி செய்யுமாறு சாந்திநிகேதன் கலாபவனத்தின் தலைவர் நந்தலால் போஸைக் காந்தியடிகள் வேண்டினார். அஜந்தாச் சுவர்களை 1909இல் படியெடுத்துப் பயின்ற அக்கலைஞர், கையாற் செய்த தாளிலே மண் வண்ணங்களைக் கொண்டு எண்பதுக்கு மேற்பட்ட சித்திரங்களைத் தீட்டினார். மாணவர் அவற்றைப் படியெடுக்க, ஏறத்தாழ 400 சித்திரங்கள் வாயில்களையும் பந்தல்களையும் அணி செய்தன.

அவற்றுள் தலைவர்களின் உருவங்களைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். தச்சன், குயவன், செருப்புத் தைப்பவன், பறை முழக்குபவன், நெற்குற்றும் பெண் ஆகியோரே அங்கு நாயகர்கள். தடித்த கோடும் சில வண்ணங்களுமே கருவி. தெய்வச் சிலைக்கு அமைக்கும் மாடம் போன்றதொரு வளைவினுள் உழைப்பாளியை நிறுத்தினார் நந்தலால். சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்ட தொழிலாளிக்கு அவ்விடத்தை அளித்தது சிறு செயலன்று.

எனினும் ஒரு வினாவை நாம் எழுப்பியே ஆக வேண்டும். அச்சித்திரங்களில் உழைப்பு உண்டு. அதன் பயனைப் பறிப்பவன் இல்லை. குயவன் அமைதியாகச் சக்கரத்தைச் சுழற்றுகிறான். அவனது கடனும் குத்தகையும் சித்திரத்திற்கு வெளியே நின்றுவிட்டன. நிலவுடைமையாளரும் ஆலை முதலாளிகளும் உழவரும் ஒரே பந்தலின்கீழ் கூடிய இயக்கத்தின் ஒற்றுமை அத்தகைய அமைதியை வேண்டிற்று என்றே நாம் கருதுகிறோம்.

ஐந்தாண்டுகளில் அவ்வமைதி குலைந்தது. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் ஏறத்தாழ முப்பது இலட்சம் உயிர்களைக் கொண்டது. பொதுவுடைமைக் கட்சி ஓவியரான சித்தப்ரசாத் மேதினிபூர் மாவட்டத்தில் நடந்து திரிந்து, எலும்பும் தோலுமானவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். 'பசித்த வங்காளம்' என்ற பொருள்படும் பெயருடன் வெளியான அவரது நூலின் பிரதிகளை ஆங்கில அரசு பறித்து எரித்தது. ஆட்சி அஞ்சிய கோடுகள் அவை. நந்தலாலின் தூரிகையும் வாளாவிருக்கவில்லை. அதே ஆண்டில் அவர் வரைந்த 'அன்னபூரணா'வில் அன்னையின்முன் நிற்கும் சிவன் வெறும் எலும்புக்கூடு.

உழைப்பவனின் மாண்பைக் காட்டிய ஹரிபுராவும், அம்மாண்பு சிதைக்கப்பட்டதைக் காட்டிய மேதினிபூரும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. முன்னது இன்றேல் ஏழை இரக்கத்திற்குரிய பொருளாகவே எஞ்சுவான். பின்னது இன்றேல் வறுமையும் ஓர் அழகாகிவிடும்.

கல்முனைக் கரையில் வாழும் நமக்கும் இதில் பாடம் உண்டு. மருதமுனைத் தறியில் அமர்ந்திருப்போர், கரைவலை இழுப்போர், வட்டைக்குள் போடியாரின் வயலை அறுப்போர், பாய் இழைக்கும் பெண்கள் ஆகியோரின் பிள்ளைகளே நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். சான்றோர் படங்கள் தொங்கும் பள்ளிச் சுவர்களில் அப்பிள்ளைகளின் பெற்றோருக்கும் இடம் வேண்டும். அவர்கள் நெய்வதை மட்டுமன்று, நெய்த துணிக்கு அவர்கள் பெறும் கூலியையும் சித்திரம் பேச வேண்டும். தூரிகையை மாணவர் கையில் கொடுப்பது ஆசிரியராகிய நமது கடன்.