காகிதத்தில் ஒரு கிளி, காட்டில் ஒரு கிளி

புதுச்சேரிக்காரர்களுக்கு லா பூர்தொனே என்ற பெயர் புதிதல்ல. 1746-இல் கப்பற்படையோடு வந்து சென்னைப்பட்டணத்தைப் பிடித்தவர். அவர் வந்தது மொரீஷியஸிலிருந்து. அன்று அதற்கு இல் தெ பிரான்ஸ் என்று பெயர். பக்கத்து ரெயூனியோன் தீவின் பெயர் பூர்போன். 1735 முதல் இரண்டுக்கும் அவரே கவர்னர். போர் லூயி நகரைக் கட்ட நம் ஊரிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் போனார்கள். பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் இதையெல்லாம் ஒப்பித்தோம். அந்தத் தீவுகளில் வாழ்ந்த கிளியைப் பற்றி மட்டும் எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

இரண்டு தீவுகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான பச்சைக்கிளி இருந்தது. ரெயூனியோன் கிளியைப் பாரிஸில் படமாக அச்சிட்டார்கள். அந்தப் படத்தை வைத்து 1783-இல் போடார்ட் என்ற டச்சு அறிஞர் அதற்கு லத்தீனில் 'எக்குவெஸ்', அதாவது குதிரைவீரன் என்று பெயர் வைத்தார். ஆனால் அந்த நூற்றாண்டிலேயே கிளி அங்கு மறைந்துவிட்டது. ஆயுள் முழுவதும் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். பெயர், தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருக்கும். உரிய ஆள் மட்டும் உயிரோடு இருக்கமாட்டார். அந்தக் கிளியின் கதையும் அதுதான்.

மொரீஷியஸ் கிளிக்கும் அதே கதி வந்திருக்கும். கரும்புக்காகக் காட்டை அழித்தார்கள். கப்பலில் வந்த எலியும் குரங்கும் முட்டைகளைத் தின்றன. 19-ஆம் நூற்றாண்டில் கூண்டுப் பறவையாகப் போன நம் ஊர்ப் பச்சைக்கிளி தப்பிப் பெருகி, மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. 1980-களில் எஞ்சியவை ஏறக்குறைய பத்தே பறவைகள்.

1979-இல் அங்கு வந்த கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டவரும் உள்ளூர் இளைஞர்களும் மரம் மரமாக ஏறினார்கள். பொந்துகளைச் செப்பனிட்டார்கள், மரப்பெட்டிக் கூடுகள் கட்டினார்கள், எலிகளை ஒழித்தார்கள். தாய்க்கிளியால் வளர்க்க முடியாத குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விட்டார்கள். இடையில் இறகு உதிரும் நோய் ஒன்றும் பரவியது. அதையும் தாண்டி இன்று எழுநூறுக்கு மேல் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் மகளும் மாப்பிள்ளையும் என்னை அங்கு அழைத்துப் போனார்கள். பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் அதிகாலையிலேயே நடந்தோம். வழிகாட்டி இளைஞருடன் பிரெஞ்சில் பேச முடிந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். முதலில் கீச்சென்று கத்திப் பறந்த ஒன்றைக் காட்டினேன். அவர் சிரித்து, "அது உங்கள் ஊர்க் கிளி, ஐயா" என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, கரகரத்த குரலோடு இரண்டு வந்து உட்கார்ந்தன. "கத்தோ வேர்!" என்றார் மெல்ல. கரும்பச்சை நிறம், குட்டையான வால், அகன்ற இறக்கை. காட்டுப் பழத்தை ஒரு காலில் பிடித்துத் தின்றன. காலில் வண்ண வளையம் மாட்டியிருந்தார்கள். அதற்கும் ஒரு பதிவேடு உண்டாம்.

மொரீஷியஸ் போகும் அன்பர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் ஒரு காலைப்பொழுதை அந்தக் காட்டுக்கு ஒதுக்குங்கள். அலகைக் கவனியுங்கள்: நம் ஊர்க் கிளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மேலலகு சிவப்பு, அங்குள்ள பெண் கிளிக்கு அலகு முழுக்கக் கறுப்பு.