ஏரி மறக்கவில்லை

இன்று செப்டம்பர் 19. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஒத்ததிர்வு நடத்தும்போதெல்லாம் இந்தத் தேதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். பணி ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

1985 செப்டம்பர் 19, காலை 7.17. மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8 என்ற அளவில் நிலநடுக்கம். தலைநகரான மெக்சிகோ சிட்டி அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரம் வருவதற்குள் அலைகள் தளர்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் அங்கேதான் விழுந்தன. இறந்தவர்கள் பத்தாயிரம் பேர் வரை என்பார்கள். அந்தக் கணக்கு இன்றும் சர்ச்சைதான். பெரிய மருத்துவமனைகளும் சரிந்தன. பிறந்து சில நாளே ஆன குழந்தைகளை இடிபாட்டுக்குள்ளிருந்து பல நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள்.

ஏன் அப்படி? விடை கட்டடத்துக்கு அடியில் இருந்தது.

அந்த ஊர் ஒரு காலத்தில் ஏரி. தெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் அஸ்டெக் மக்கள் 1325 வாக்கில் தெனோச்தித்லான் நகரை அமைத்தார்கள். 1521ல் ஸ்பானியர்கள் அதைப் பிடித்து, அதன் மேலேயே தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். பின்னர் ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தார்கள். தண்ணீர் போனது, அடியில் இருந்த களிமண் போகவில்லை. அந்த மண்ணில், காய்ந்த மண்ணின் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீர் இருக்கும் இடங்கள் உண்டு.

அன்று நகரின் கருவிகள் பதிவு செய்ததைப் பாருங்கள். பாறை போன்ற எரிமலைக் குழம்பின் மேல் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் நில முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் 0.03 முதல் 0.04 மடங்கு. சில கிலோமீட்டர் தள்ளி ஏரிப்படுகையில் 0.17 மடங்கு. ஒரே ஊர், ஒரே நடுக்கம்!

கணக்கு எளிது. களிமண்ணின் ஆழத்தை நான்கால் பெருக்கி, அதில் குறுக்கலை செல்லும் வேகத்தால் வகுத்தால் அந்த மண்ணின் இயல்பான அலைவு நேரம் வரும். ஆழம் 38 மீட்டர், வேகம் நொடிக்கு 76 மீட்டர் என்று வையுங்கள். விடை 2 நொடி. கட்டடத்துக்கோ மாடிக்கு ஏறத்தாழ 0.1 நொடி. பத்து மாடி என்றால் 1 நொடி. விரிசல் விட விடக் கட்டடம் தளர்ந்து, அந்த நேரம் கூடி 2 நொடியை நெருங்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போலத்தான். ஆறு முதல் பதினைந்து மாடி வரை இருந்தவை அதிகம் அடிபட்டன.

"சார், அப்ப ரொம்ப உயரமான கட்டடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரம் 1956ல் திறக்கப்பட்டது. அதன் பொறியாளர் லியோனார்டோ செவார்ட், முதலில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்து, களிமண்ணைத் தாண்டி உறுதியான மணல் அடுக்குவரை தூண்களை இறக்கினார். 1957 நடுக்கத்தையும் 1985 நடுக்கத்தையும் அது தாங்கியது.

1957க்குப் பிறகே நகரை மண்ணின் தன்மைப்படி குன்று, இடைநிலை, ஏரி என்று மூன்று மண்டலமாகப் பிரித்தார்கள். ஆக, மண் கெட்டது என்று தெரியாமல் இல்லை. எவ்வளவு கெட்டது என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். ஏரி மண்டலத்துக்கான நிலநடுக்கக் கெழு 0.24ஆக இருந்தது. 1987 விதிகளில் 0.40 ஆனது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எத்தனை உயிர்கள்!

கதை முடியவில்லை. 2017, அதே செப்டம்பர் 19. 1985ன் நினைவாகக் காலையில் ஒத்திகை நடந்தது. இரண்டு மணி நேரம் கழித்து நிஜமாகவே நிலம் ஆடியது. இந்த முறை மையம் 120 கிலோமீட்டரில், அலைகளின் அலைவு நேரமும் குறைவு. அதனால் உயரம் குறைந்த கட்டடங்கள் பல விழுந்தன. விழுந்தவற்றில் பெரும்பாலானவை 1985க்கு முன்பு கட்டியவை. இன்னொன்றும் உண்டு. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் இறுகி ஊர் அமிழ்கிறது, மண்ணின் அலைவு நேரமும் மாறுகிறது. ஒரு தடவை அளந்து கோப்பில் வைத்தால் போதாது.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2001 ஜனவரி 26, பூஜ் நடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. ஆற்று வண்டல் மண் ஊர் அது. கட்டுமானக் குறைகளும் சேர்ந்துகொண்டன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் இதைப் பாடமாக நடத்திய நான், வீடு கட்டும்போது மண் பரிசோதனை செய்யவில்லை. "நல்ல மண்ணு சார், எதுக்கு வீண் செலவு" என்றார் மேஸ்திரி. தலையாட்டிவிட்டேன். போன வருடம் மகன் ஃபிளாட் பார்க்கப் போனபோது, பில்டரிடம் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்கச் சொன்னேன். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். அந்த எண் அதில் இருக்கும். "யாரும் இதெல்லாம் கேக்கறதில்லப்பா" என்றான். "நீ கேளு" என்றேன்.

நீங்களும் கேளுங்கள். அந்த இடம் முன்பு ஏரியா, குளமா, வயலா என்று ஊர்ப் பெரியவர்களிடமும் விசாரியுங்கள்.