கண்ணாடி எங்கே?

வீட்டுக்குள் யாராவது "கண்ணாடி எங்கே?" என்று குரல் கொடுத்தால், கேட்டவர் யார் என்று தெரிந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தாத்தா என்றால் மூக்குக் கண்ணாடி. சீப்போடு நிற்கும் பேத்தி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னல் வேலைக்கு வந்த தச்சர் என்றால் அளவெடுத்து அறுத்துவைத்த கண்ணாடி. கடைத்தெருவிலும் இதே கதைதான். 'கண்ணாடிக் கடை' என்ற பலகையை நம்பிக் கண் சோதிக்க நுழைந்தவர், உள்ளே சாமி படத்துக்குச் சட்டம் அடிப்பதைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

தன்னைப் பார்க்க ஒன்று, பிறவற்றைப் பார்க்க ஒன்று, இரண்டுக்கும் ஒரே பெயர். இந்தக் குழப்பம் சொல் பிறந்தபோது இல்லை.

முகம் பார்ப்பதற்குப் பழந்தமிழில் 'ஆடி' என்றே பெயர். (ஆடி மாதத்துக்கும் இதற்கும் உறவில்லை, அது ஆஷாடத்திலிருந்து வந்தது.) குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் இதை ஒரு பரத்தையின் வாயில் வைத்துச் சிரிக்கவைக்கிறார். தன்னிடம் வந்தால் பெரிய பேச்சுப் பேசுகிற தலைவன், தன் வீட்டுக்குப் போனதும் மனைவி விரும்பியபடியெல்லாம் ஆடுகிறானாம். எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்கும் ஆடிப்பாவை மாதிரி. ஒருவனைப் பற்றி இதைவிடக் கச்சிதமாகக் கேலி செய்துவிட முடியாது. அந்த ஆடி, தேய்த்து மெருகேற்றிய உலோகத் தகடாகத்தான் இருந்திருக்கும். அட்டமங்கலம் எனும் எட்டு மங்கலப் பொருள்களில் கவரி, நிறைகுடத்தோடு ஒன்றாக எண்ணப்படும் கண்ணாடியும் முகம் பார்ப்பதுதான்.

உலோகக் கண்ணாடியை இன்றும் வார்க்கிறார்கள். கேரளத்து ஆரன்முளா கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் கலந்த வார்ப்பு. கடையில் வாங்கும் கண்ணாடியில் விரல்நுனியை வைத்தால், விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரியும். ஒளி கண்ணாடியைக் கடந்துபோய்ப் பின்பூச்சில் பட்டுத் திரும்புவதால் வருவது அது. ஆரன்முளாவில் பிரதிபலிப்பது முன்பரப்பே என்பதால் விரலும் பிம்பமும் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் ஊடுருவிப் பார்க்கக்கூடிய பொருளுக்கு என்ன பெயர்? பளிங்கு. மணிமேகலையின் நான்காம் காதையின் பெயரே 'பளிக்கறை புக்க காதை'. இளவரசன் உதயகுமரன் துரத்தி வரும்போது மணிமேகலை நுழைந்துகொள்ளும் பளிங்கு மண்டபத்தில், உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் கேட்காது. ஏதோ நவீன வங்கியின் மேலாளர் அறை மாதிரி. வள்ளுவரும் நெஞ்சில் இருப்பதை முகம் காட்டிவிடும் என்பதற்குப் பளிங்கைத்தான் துணைக்கு அழைக்கிறார்.

பிறகு இடமாற்றம் நடந்தது. மணலை உருக்கி வார்த்த தகடு புழக்கத்துக்கு வந்தபோது, பின்னால் ரசம் பூசினால் அது ஆடியாயிற்று, பூசாவிட்டால் பளிங்காயிற்று. இரண்டும் 'கண்ணாடி'க்குள் போய்விட்டன. வேலை பறிபோன பளிங்கு, ஊடுருவ முடியாத வெள்ளைக் கல்லுக்குப் பெயராகித் தாஜ்மகாலில் குடியேறியது. பளிங்கு என்றால் தெளிவு என்று குறள் படிக்கும் மாணவர், கோவில் தரையை மிதித்துக்கொண்டு கொஞ்சம் விழிக்கத்தான் செய்வார்.

மூக்கில் ஏறும் கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. 1306-இல் ஃபுளோரன்ஸில் உபதேசம் செய்த ஜியோர்தானோ என்ற துறவி, இந்தக் கலை கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று வியந்திருக்கிறார். தென்னாட்டில் அதன் பழைய தடங்களில் ஒன்று விஜயநகரத்தில் கிடைக்கிறது. மத்வ மடத்து வியாசதீர்த்தர் சுவடி வாசிக்கக் கண்ணாடி அணிந்ததைச் சோமநாத கவி பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய வியாசயோகி சரிதம் சொல்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்து எழுத்து மங்குவதைத் தமிழ் 'வெள்ளெழுத்து' என்றது. கறுப்பு மை வெளுத்துப்போனதாகத் தோன்றுகிறதே, அதைச் சொல்ல இதைவிட நேரான சொல் வேண்டாம்.

சிங்களம் தமிழிலிருந்து கண்ணாடியை அப்படியே எடுத்துக்கொண்டது. மூக்குக் கண்ணாடியைத் தனித்துச் சொல்ல 'எஸ் கண்ணாடி' என்றது. 'எஸ்' என்றால் கண். ஆகக் கண்ணுக்குக் கண் சேர்ந்துவிட்டது. மலாய்க்காரர்கள் 'செர்மின் மாத்தா' என்பார்கள்: செர்மின் முகம் பார்க்கும் ஆடி, மாத்தா கண். கண்ணையும் ஆடியையும் சேர்த்து அவர்களும் அதே முடிச்சைப் போட்டிருக்கிறார்கள். யார் யாரைப் பார்த்துப் போட்டது என்று சொல்ல இந்த ஒற்றுமை மட்டும் போதாது.

லென்ஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது பருப்பு. லத்தீனில் 'லென்ஸ்' என்றால் மைசூர்ப் பருப்புச் செடி. இருபுறமும் புடைத்த வட்டம் பருப்பு மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். அரபியிலும் பருப்பு 'அதஸ்', லென்ஸ் 'அதஸா'. தமிழும் வடிவத்தைத்தான் பார்த்தது, ஆனால் சமையலறையை விட்டுப் பூஜையறைக்குப் போனது: கற்பூர வில்லை, ஜடை வில்லை, அலுவலகச் சேவகர் மார்பில் குத்திய பித்தளை வில்லை என்ற வரிசையில் கண்ணாடி வில்லையும் வந்தது. இலங்கைப் பாடநூல்கள் 'வில்லை'யை விடாமல் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் குவிலென்ஸ், குழிலென்ஸ் என்று படிக்கிறார்கள். ஆனால் அதே பாடநூலில் குவியாடியும் குழியாடியும் உண்டு. வங்கனாரின் ஆடி இப்படி இயற்பியல் பாடத்தில் உயிர் பிழைத்தது. மதுரை, கோவைப் பக்கம் கண் மருத்துவமனை வாசலில் மட்டும் வில்லையும் கிடையாது, ஆடியும் கிடையாது. "அம்மாவுக்கு லென்ஸ் வச்சாச்சா?" அவ்வளவுதான்.

வடிவத்தை விட்டுத் தொழிலைச் சொன்ன பெயர் ஒன்றும் இருந்தது: சூரியகாந்தம். வெயிலைக் குவித்து எரிக்கும் கல். திருமந்திரம் இதை வைத்து ஒரு பாடமே நடத்துகிறது. கல்லும் பஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் ஒன்றும் ஆகாது. சூரியன் வந்தால்தான் பஞ்சு பற்றும். குரு முன் சீடனின் மலம், அதாவது உள்ளத்தின் அழுக்கு, எரிவதும் அப்படியே. பார்க்கும் கருவியாக இல்லாமல், தானாக எதையும் செய்யாத இடைப்பொருளாக லென்ஸைக் கண்ட உவமை இது. காந்தம் கடல் கடந்து மலாயில் 'கந்தா' ஆயிற்று. அங்கே லென்ஸுக்கு அதுதான் பெயர்.

பார்வை பிசகினால் குற்றம் கண்ணாடியிலா கண்ணிலா என்ற வழக்கைப் பேச்சுத் தமிழ் தீர்த்தும் வைத்திருக்கிறது. கண்ணாடி பெரும்பாலும் நல்ல பிள்ளை: நாவல் 'காலக் கண்ணாடி', ஒளிவுமறைவற்ற மனசு 'கண்ணாடி மாதிரி'. உருவத்தைப் பூதமாக்குகிற பூதக்கண்ணாடிதான் குறை தேடுகிறவன் கைக்குப் போனது. ஒருதலைப் பார்வைக்கு நிறக்கண்ணாடி போட்டதாகச் சொல்வது பிற்காலத்து வழக்கு. அதற்கு முன்பே ஊரில் இருந்தது காமாலைக் கண். மஞ்சள் தெரிந்தால் பழி கண்ணின்மேல்தான். கண்ணாடியைக் கழற்றிவிடலாம், கண்ணை எங்கே கழற்றுவது?

ஒரு கோணத்திலிருந்து பார்ப்பதைச் சொல்ல மேடைத் தமிழ் லென்ஸையும் கண்ணாடியையும் ஒதுக்கிவிட்டுப் பழைய சொல் ஒன்றைப் பிடித்தது: மார்க்சியக் கண்ணோட்டம், பெண்ணியக் கண்ணோட்டம். திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்துக்கும் அதே பெயர்தான். ஆனால் வள்ளுவருக்குக் கண்ணோட்டம் என்றால் பழகியவர்மேல் கண் ஓடிப்போய் இளகும் தாட்சண்யம். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில், நண்பர் கண்ணெதிரே நஞ்சைக் கலந்து கொடுத்தாலும் கண்ணோட்டம் உள்ளவர் வாங்கிக் குடித்துவிட்டு அமைதியாக இருப்பார். அதே கோப்பை இன்றைய கருத்தரங்குக்கு வந்தால், 'நச்சுக் கோப்பை: ஒரு சமூகவியல் கண்ணோட்டம்' என்று இருபது நிமிடம் கட்டுரை வாசிப்பார்கள். குடிக்க ஆள் கிடைக்காது.