அறை நண்பரிடம் கஞ்சா சிக்கினால்: உடன் தங்கியிருப்பவரின் சட்ட உரிமைகள்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பகுதிகளிலிருந்து மதுரைக்குப் படிக்கவும் வேலைக்கும் செல்லும் நம் பிள்ளைகள் பலர், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாடகை அறையில் தங்குகிறார்கள். ஒருவரின் பையில் கஞ்சா இருந்து போலீசார் சோதனைக்கு வந்தால், மற்றவர்களின் நிலை என்ன?

சட்டம் சொல்வது

1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, ஒரே அறையில் தங்கியிருப்பது மட்டும் குற்றமாகாது. பொருள் இருப்பதை அறிந்து, அதைத் தன் வசம் வைத்திருந்தாரா என்பதே கேள்வி. பிரிவு 25-ன்படி, தெரிந்தே இடம் கொடுத்தவரும் குற்றவாளியே.

ஆனால் பொருள் ஒருவர் வசம் இருந்தது நிரூபணமானால், தனக்குத் தெரியாது என்று காட்டும் பொறுப்பு அவர் மீதே விழும் (பிரிவுகள் 35, 54). 2003-ல் மதன்லால் வழக்கில், பிடிபட்ட காரில் ஒன்றாகச் சென்றவர்களின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கஞ்சா 1 கிலோவுக்குள் என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். 20 கிலோவுக்கு மேல் என்றால் 10 முதல் 20 ஆண்டுகள் சிறை, ஜாமீனும் மிகக் கடினம்.

சோதனையின்போது

- வாரண்ட் இல்லாமலும் போலீசார் வரலாம். இரவில் வந்தால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.
- உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு (பிரிவு 50). பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.
- சோதனையை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். பறிமுதல் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.
- பொருள் எந்த அலமாரியில், யாருடைய பையில் இருந்தது என்பது மகஜரில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

கைதானால்

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையில் வழக்கறிஞரைச் சந்திக்கலாம். தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. விசாரணை அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று, 'தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு' வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

முன்பே தெரிந்தால்

நண்பனைக் காட்டிக் கொடுக்க மனம் வராது என்று அங்கேயே தங்குவதுதான் ஆபத்து. தெரிந்தும் இருந்தார் என்ற வாதத்துக்கு அது வழி வகுக்கும். பொருளைத் தொடவோ, ஒளிக்கவோ, வெளியே வீசவோ வேண்டாம். வீட்டில் சொல்லுங்கள், உடனே அறையைக் காலி செய்யுங்கள், காலி செய்த தேதியை உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பெற்றோரும் பிள்ளை யாருடன் தங்குகிறான் என்பதை முதல் நாளே நேரில் சென்று பார்த்துவிடுவது நல்லது.