துக்கடாவின் இடம்

கச்சேரியில் காவடிச்சிந்து எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதி நாற்காலிகள் காலியாகி, மிச்சமிருப்பவர்கள் செருப்பு கிடக்கும் திசையைப் பார்க்க ஆரம்பித்த பிறகு. அதற்குத் தலையாட்டுகிறவர்கள் முகத்தில் ஒரு சலுகை தெரியும், குழந்தையின் மழலையை அனுமதிப்பது போல. இந்தச் சலுகை பாட்டிலிருந்து பிறந்ததா, பாட்டு வைக்கப்பட்ட இடத்திலிருந்தா?

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இன்றைய தென்காசி மாவட்டத்துக்காரர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி கொண்டுபோனபோது வழிநெடுகப் பாடப்பட்ட சிந்து இது என்பார்கள். அங்கே முன்னால் வர்ணமும் இல்லை, பின்னால் மங்களமும் இல்லை. தோளில் பாரம், காலடியில் சாலை. கேட்பவனும் நடந்துகொண்டிருந்தான்.

இதைக் கடைசிக்குத் தள்ளியதில் யாருடைய சதியும் இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) கச்சேரிக்கு ஒரு வரிசையை நிலைநிறுத்தினார்: வர்ணம், விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவில் விஸ்தாரமாக ஒன்று, அளவான பல்லவி, இறுதியில் துக்கடாக்கள். ராகத்தையும் பல்லவியையும் மணிக்கணக்கில் இழைத்த பழைய பாணிக்குப் பிறகு, டிக்கெட் வாங்கி வந்த சபா ரசிகனுக்கு இது பெரிய உபகாரம்தான். ஆனால் வரிசை என்பது தீர்ப்பும்கூட. எங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும், எங்கே கலைய வேண்டும் என்று அது காதுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. துக்கடா என்றால் துண்டு. துண்டு என்று பெயரிட்டதை முழுசாகக் கேட்பது சிரமம். (பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான். எல்லாமே துண்டு, ஆகவே அங்கே எதுவும் துக்கடா இல்லை.)

தமிழிசை இயக்கம் இந்த இடத்தைத் தொட்டு, பிறகு விலகிப் போனது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். பாட்டின் பாவம் கேட்பவன் நெஞ்சில் இறங்க வேண்டும் என்று குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி. வாதாடினார். தமிழ் துக்கடாவாக மட்டும் வருகிறதே என்ற குறை சரியான குறை. பரிகாரமாகக் கேட்டது என்னவோ, நடு நாற்காலியில் ஒரு தமிழ்க் கீர்த்தனையை. வரிசையை யாரும் சந்தேகிக்கவில்லை. முழுத் தமிழ்க் கச்சேரியிலும் சிந்து வாசலருகேதான் நின்றது.

பாவம் பற்றி அவ்வளவு பேசியவர்கள், கேட்பவன் எந்த நேரத்தில் கேட்கிறான் என்று யோசிக்காதது எனக்கு விநோதமாகவே படுகிறது. வாய்ப்பாட்டுக்காரர் ஒருவர் வர்ணத்தின் இடத்தில் காவடிச்சிந்தை வைத்துப் பார்க்கலாம். மிருதங்கக்காரர் திகைப்பார். அப்போது வாசலில் இருப்பவர்கள் வெளியே போகிறவர்கள் அல்ல, உள்ளே வருகிறவர்கள்.