நூற்றுக்கு எட்டணா: ராஜாஜி போட்ட வரியும் ராஜாஜி கண்ட கட்சியும்

 மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது மெஷின் சமாச்சாரம் ஏதாவது எழுதுவான் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் சிறுதொழில் செய்கிறவர்களோடு பத்து வருஷத்துக்கு மேல் பழகி, மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்னோடு அவர்கள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பார்த்து, ‘இந்த விற்பனை வரி முதலில் யார் தலையில் உதித்தது?’ என்று தேடிப் படிக்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. தேடிக்கொண்டே போனால் அது கடைசியில் நம்ம சேலத்தில் போய் நிற்கிறது!

வரி குறைய வேண்டும், சர்க்கார் செலவு குறைய வேண்டும், பெர்மிட்டும் லைசென்ஸும் கோட்டாவும் ஒழிய வேண்டும் என்று சொல்லி 1959-ல், எண்பது வயதில், ஒரு புதுக் கட்சியே ஆரம்பித்தவர் ராஜாஜி. பழமைவாதி என்று எதிரிகள் திட்டினார்கள்; அதை அவர் பெரிய வசவாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் இதே மனிதர்தான். வேடிக்கையாக இல்லை?

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்). நிதி இலாகாவையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். கராச்சி காங்கிரஸ் தீர்மானப்படி மந்திரிகளுக்கு மாதச் சம்பளம் ஐந்நூறு ரூபாய்தான். சரி, மந்திரி சம்பளத்தைக் குறைத்து எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும்? மாகாணத்தின் மொத்த வருமானத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு கள், சாராயத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கடை ஏலம், மரவரி எல்லாம் சேர்த்து. அதில் கை வைக்கப்போவதாகச் சொன்னார். சொன்னபடி 1937 அக்டோபர் 1 அன்று தன் சொந்த ஜில்லாவான சேலத்தில் மதுவிலக்கை அமல்படுத்தினார். அடுத்த வருஷம் சித்தூர், கடப்பை. அதற்கடுத்து வட ஆற்காடு.

அவருக்கு இது திடீர் ஆசை இல்லை. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்தபோதே மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்று தனிப் பத்திரிகை நடத்தியவர். கல்கி அங்கேதான் அவரிடம் வேலை பார்த்தார்.

கள்ளுக்கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை விழும். 1935-ஆம் வருஷ இந்திய அரசுச் சட்டப்படி வருமான வரியும் சுங்கமும் டில்லி கையில். மாகாணத்துக்கு நிலவரி, ஸ்டாம்பு, ஆயத்தீர்வை. நிலவரியைக் கூட்டலாம் என்றால், விவசாயி விலைவாசிச் சரிவில் ஏற்கெனவே நொந்துபோயிருந்தான். அதைக் குறைக்கச் சொல்லித்தான் காங்கிரஸுக்கு ஓட்டே போட்டிருந்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் மாகாணப் பட்டியலில் ‘பொருள் விற்பனை மீதான வரி’ என்று ஓர் இனம் இருந்தது. பெட்ரோலுக்கு மத்திய மாகாணம் 1938-ல் அதைப் பயன்படுத்திப் பார்த்திருந்தது. எல்லாப் பொருளுக்கும் போட்டுப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ராஜாஜி போட்டார். 1939-ஆம் வருஷத்து ஒன்பதாவது சட்டம், சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். வருஷ வியாபாரம் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே என்றால் வரியே இல்லை. இருபதாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேல் போனால் மொத்த வியாபாரத்தில் அரை சதவீதம், அதாவது நூறு ரூபாய்க்கு எட்டணா. அதே வருஷம் பெட்ரோலுக்கும் கேளிக்கைக்கும் வரி வந்தது. சினிமா டிக்கெட்டில் கேளிக்கை வரி என்று பார்த்து வளர்ந்தோமே, அதன் பூர்வீகமும் இங்கேதான்.

வியாபாரிகள் எதிர்த்தார்கள். எதிர்த்ததில் நியாயமும் உண்டு. எட்டணாதானே என்று தோன்றும். ஆனால் சரக்கு ஒவ்வொரு கை மாறும்போதும் ஓர் எட்டணா. முந்தின வரியும் விலைக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருப்பதால் வரிக்கு மேல் வரி. எத்தனை கை மாறுகிறதோ அத்தனை சுமை. ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் செய்கிற பெரிய மில்லுக்கு லாபம், சின்னவனுக்கு நஷ்டம். கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் முறை நம் மாநிலத்தில் முழு வடிவில் வர 2007-ல் வாட் வரவேண்டியிருந்தது. கடலை எண்ணெய் வியாபாரி ஒருவர் ‘இது விற்பனை வரி இல்லை, டில்லிக்குச் சேர வேண்டிய உற்பத்தி வரி’ என்று கோர்ட்டுக்கே போனார். 1942-ல் ஃபெடரல் கோர்ட் மாகாணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதில் ராஜாஜியின் கணக்கு என்ன? ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் போடணும் என்று தீர்மானம் போட எல்லோரும் கை தூக்குவோம். மாசக் கடைசியில் பில்லைப் போர்டில் ஒட்டும்போதுதான் மெஸ் செக்ரட்டரி வில்லனாகத் தெரிவான். ராஜாஜி பில்லை முதலிலேயே போர்டில் ஒட்டிய செக்ரட்டரி. மதுவிலக்கு வேண்டுமா? அதன் விலை இது, எட்டணா, இப்போதே எடுத்து வை. கடன் வாங்கிச் சமாளிக்கிற பேச்சு அவரிடம் கிடையாது. பின்னாளில் ‘ஸ்வராஜ்யா’ பத்திரிகையில் பற்றாக்குறை பட்ஜெட்டையும் அது கிளப்பிவிடும் விலைவாசியையும் வாரா வாரம் விளாசியதும் இதே புத்திதான். ஆகவே 1939-ம் 1959-ம் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் அவர் கணக்குக்குள் வரவில்லை.

1939 அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமலே யுத்தத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜிநாமா செய்தன. கவர்னர் ஆட்சி வந்தது. யுத்த காலத்திலேயே மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். கள்ளு வருமானம் திரும்பி வந்தது. வரி? அது போகவில்லை! எதை ஈடுகட்ட வந்ததோ அந்த நஷ்டம் நின்ற பிறகும் வரி தன் பாட்டுக்கு ஓடியது. வங்காளம் 1941-ல் பின்தொடர்ந்தது, பம்பாய் 1946-ல். கொஞ்ச காலத்தில் மாநிலங்களின் சொந்த வருமானத்தில் இதுவே முதலிடம்.

ஓமந்தூரார் காலத்தில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு திரும்ப வந்தது. 1952-ல் ராஜாஜி மறுபடி முதலமைச்சரானார். வந்த இரண்டே மாதத்தில் உணவு ரேஷனை எடுத்தார். பஞ்சம் வந்துவிடும் என்று பயந்தார்கள், வரவில்லை. அதே துணிச்சலோடு 1953-ல் பள்ளிக்கூடத்தில் கை வைத்தார். பள்ளி நேரத்தைக் குறைத்து, ஷிஃப்டு முறையில் அதே ஆசிரியர், அதே கட்டிடத்தை வைத்து அதிகப் பிள்ளைகளுக்குப் பாடம். மீதி நேரம் வீட்டுத் தொழில். செலவுக் கணக்காகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் செருப்புத் தைக்கிறவர் பிள்ளை மீதி நேரம் என்ன செய்யும்? குலக்கல்வி என்று பெயர் வந்தது. 1954-ல் பதவியும் போனது. இந்த இடத்தில் நான் ராஜாஜி பக்கம் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நம் கல்லூரியில் எத்தனை பேர் என்பதை நம் வகுப்புப் போட்டோவை எடுத்துவைத்து எண்ணிக்கொள்ளலாம்.

அடுத்து வந்த காமராஜ் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார். 1956-ல் மதிய உணவு போட்டார். மதுவிலக்கு அமலில் இருந்த மாநிலத்தில் கள்ளுப் பணம் இல்லை. அப்புறம் எந்தப் பணம்? எந்த ரூபாய் எதற்குப் போனது என்று யாரும் முத்திரை குத்திவைக்கவில்லைதான். ஆனாலும் கஜானாவின் பெரும் தூண்களில் ஒன்று அந்த விற்பனை வரி. சிக்கனக்காரர் கட்டிய தொட்டியிலிருந்துதான் செலவாளிகள் தண்ணீர் எடுத்தார்கள், ஊரும் பச்சை பிடித்தது.

டில்லியில் வேறு நாடகம். 1957-ல் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி (அவரும் நம்ம ஊர்க்காரர்தான்) கால்டார் என்ற பொருளாதார நிபுணரின் யோசனைப்படி சொத்து வரியும் செலவு வரியும் கொண்டுவந்தார். சம்பாதித்தால் வரி, வைத்திருந்தால் வரி, செலவழித்தால் வரி. 1958-ல் கொடுத்தாலும் வரி. 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டதும் ராஜாஜி பொறுக்கவில்லை. ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ரங்கா தலைவர், மினூ மசானி பொதுச் செயலாளர். மகாராஜாக்களும் மில் முதலாளிகளும் வந்து சேர்ந்ததால் பணக்காரர் கட்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, கடைசிவரை விடவில்லை. 1962-ல் லோக்சபாவில் 18 இடம், 1967-ல் 44. பெரும்பாலான நேரம் எதிர்க்கட்சி வரிசைதான் என்றாலும், அந்தக் காலத்தில் பட்ஜெட்டை வரிவரியாகக் கிழித்து ஆராய ஒரு கட்சி இருந்தது.

ஆனால் கட்சி அரசியல் யாரையும் சுத்தமாக விட்டுவைப்பதில்லை. 1967-ல் காங்கிரஸைத் தோற்கடிக்க ராஜாஜி தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தார். அந்தக் கூட்டணியின் மேடையில் முழங்கிய வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி! பில்லைப் போர்டில் ஒட்டிய மனிதர் அதே மேடையில் உட்கார்ந்திருந்தார். ஒரே கட்சி நிரந்தரமாக ஆள்வதுதான் பெரிய ஆபத்து, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்காக இருந்திருக்க வேண்டும். கூட்டணி ஜெயித்தது, சுதந்திராவுக்குச் சட்டசபையில் 20 இடம். ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் கொஞ்ச நாள் கிடைத்தது.

1971-ல் கலைஞர் அரசு, வருமானத்தைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. 92 வயதில் ராஜாஜி நேரில் போய்க் கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. அதே வருஷத் தேர்தலில் அவர் கட்சி லோக்சபாவில் எட்டு இடத்துக்குச் சுருங்கியது. 1972 டிசம்பர் 25-ல் அவர் காலமானார். 1974-ல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. வருமான வரியின் உச்ச விகிதம் சர்சார்ஜோடு 97.75 சதவீதத்தைத் தொட்ட காலம் அது! 1991-ல் நரசிம்மராவ் அரசு தொழில் லைசென்ஸில் பெரும்பகுதியை ஒழித்தது. 1997-ல் சிதம்பரம் உச்ச விகிதத்தை 30-க்கு இறக்கினார். சொத்து வரி 2015 பட்ஜெட்டோடு போனது.

மதுவிலக்கு 1974-ல் வந்து, 1981-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் போனது. 1982-ல் சத்துணவு வந்தது. 2003-ல் சில்லறை மதுக் கடைகளை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2023-24-ல் மதுவிலிருந்து அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதில் ஆயத்தீர்வை சுமார் 10,800 கோடிதான். மீதி 35,000 கோடிச் சொச்சம் வாட், அதாவது விற்பனை வரி. கள்ளுக்கடையை மூடுவதற்காக வந்த எட்டணா இன்று பாட்டில் பாட்டிலாக வசூலாகிறது.

இதற்கு மேல் ஒரு முடிச்சும் உண்டு. 2017 ஜூலை 1 முதல் மற்றப் பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. வந்துவிட்டது; விகிதத்தைக் கவுன்சில்தான் தீர்மானிக்கும். 1935 சட்டத்தில் மாகாணத்துக்குக் கிடைத்த அந்த அதிகாரத்தில் சென்னைக் கோட்டைக்கு முக்கியமாக மிஞ்சியிருப்பது மதுவும் பெட்ரோல், டீசலும்தான். 2021 ஆகஸ்டு வெள்ளை அறிக்கையில் மாநிலத்தின் கடன் சுமார் 5.70 லட்சம் கோடி என்று போட்டிருந்தார்கள். எல்லாக் கட்சியும் தேர்தலுக்குத் தேர்தல் மதுக்கடையை மூடுவதைப் பற்றிப் பேசுகிறது. அந்த 45,000 கோடியை எந்தப் பொருளின் மேல், எத்தனை சதவீதம் போட்டு எடுப்பது என்பதைத் தேர்தலுக்கு முன்னாலேயே போர்டில் ஒட்டிய கட்சி எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.